வர்ஜீனியாவில் ஒரு தேர்தல் வாரம்

முதல் நாள், அக்டோபர் 28, 2021, வியாழன்

காலை எட்டரைக்கு எடிசனில் வண்டியை எடுத்தேன். போன ஞாயிற்றுக்கிழமையே என் ஓட்டைப் போட்டாயிற்று. தேர்தல் நாளுக்கு முன்பே நேரில் போய் இயந்திரத்தில் ஓட்டுப் போடும் வசதி நியூ ஜெர்சியில் இந்த வருடம்தான் முதல் தடவையாக வந்திருக்கிறது. வரிசையே இல்லை. பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

நேற்று இரவு அம்மா திருச்சியிலிருந்து பேசினாள். "கவர்னருக்கு எதுக்குப்பா தேர்தல்?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். நம் ஊரில் ஆளுநர் என்றால் டெல்லி அனுப்பி வைப்பவர். இங்கே ஆளுநர்தான் மாநிலத்தை ஆள்பவர், நம் முதல்வர் மாதிரி. பள்ளிக்கூடம், சாலை, வரி எல்லாம் அவர் கையெழுத்தில் நடக்கும். ஜனாதிபதித் தேர்தல் முடிந்த அடுத்த வருடமே ஆளுநரைத் தேர்ந்தெடுக்கும் மாநிலங்கள் இரண்டுதான்: நியூ ஜெர்சியும் வர்ஜீனியாவும். அதனால்தான் நாடு முழுக்க இந்த இரண்டையும் கவனிக்கிறது. புது ஜனாதிபதி மேல் மக்களுக்கு என்ன மனநிலை என்று முதலில் தெரிவது இங்கேதான்.

எங்கள் மாநிலத்தில் டெமாக்ராட் ஆளுநர் ஃபில் மர்ஃபி மறுபடியும் நிற்கிறார். மான்மத் பல்கலைக்கழகத்தின் கடைசிக் கருத்துக்கணிப்பு நேற்று வந்தது: மர்ஃபி 50, எதிர்த்து நிற்கும் ரிபப்ளிகன் ஜாக் சிட்டரெல்லி 39. பதினோரு புள்ளி வித்தியாசம். நிஜமான போட்டி வர்ஜீனியாவில்தான் என்று ஒரு வாரம் விடுப்புப் போட்டுவிட்டுக் கிளம்பினேன். தெருவைத் தாண்டும்போது புல்தரையில் நட்டிருந்த சிட்டரெல்லி பலகைகளை எண்ணினேன். ஆறு. மர்ஃபிக்கு ஒன்று. பலகை ஓட்டுப் போடாது என்று சொல்லிக்கொண்டு டர்ன்பைக் நெடுஞ்சாலையில் ஏறிவிட்டேன்.

டெலவேர், மேரிலாந்து, பால்டிமோர் சுரங்கப்பாதை, அப்புறம் பொட்டோமாக் ஆறு. மதியம் ஒன்றரைக்கு ஆஷ்பர்னில் பெரியப்பா மகன் வீட்டு வாசலில் நின்றேன். லௌடன் கவுண்டியின் (கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி) இந்தப் பகுதி முழுக்க ஜன்னல் இல்லாத பெரிய பெரிய கட்டடங்கள். எல்லாம் டேட்டா சென்டர். அவற்றுக்கு நடுவே வரிசை வரிசையாக ஒன்றோடொன்று ஒட்டிய வீடுகள். மாலையில் நடக்கப் போனால் நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் தமிழோ தெலுங்கோ கேட்கிறது.

அண்ணியோடு இந்திய மளிகைக் கடைக்குப் போனேன். ரசீதைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். பொன்னி அரிசி, துவரம்பருப்பு, புளி, கத்தரிக்காய். கீழே இரண்டரை சதவீதம் வரி. நியூ ஜெர்சியில் சமைக்காத மளிகைப் பொருளுக்கு வரியே கிடையாது. "யங்கின் இதை எடுத்துடறேன்னு சொல்றாரு தம்பி" என்றார் அண்ணி. வர்ஜீனியாவில் ரிபப்ளிகன் கட்சியின் ஆளுநர் வேட்பாளர் அவர். நூறு டாலருக்கு இரண்டரை டாலர் பெரிய தொகை இல்லை. ஆனால் வாரா வாரம் கண்ணில் படுகிற எண்.

இரவு சாப்பிடும்போது ஃபாக்ஸ் நியூஸ் கணிப்பு வந்தது. க்ளென் யங்கின் 53, டெமாக்ராட் டெர்ரி மெக்காலிஃப் 45. இதே நிறுவனம் இரண்டு வாரம் முன்பு எடுத்ததில் மெக்காலிஃப் 51, யங்கின் 46. அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கிப் பார்த்தார். "ரெண்டு வாரத்துல பதிமூணு புள்ளி எப்படிடா மாறும்?"

அதைப் பற்றி நாளைக்கு எழுதுகிறேன். கண் சொக்குகிறது.

இரண்டாம் நாள், அக்டோபர் 29, வெள்ளி

அண்ணன் கேள்விக்கு விடை அந்தக் கணிப்பின் உள்ளேயே இருக்கிறது. ஃபாக்ஸ் இரண்டு எண்களைத் தந்திருக்கிறது. பதிவு செய்த வாக்காளர்கள் எல்லோரையும் எடுத்தால் யங்கின் 48, மெக்காலிஃப் 47. ஒரே ஒரு புள்ளி. அவர்களில் கட்டாயம் ஓட்டுப் போடப் போவார்கள் என்று கணித்தவர்களை மட்டும் பிரித்தால் எட்டுப் புள்ளி. அதே கணிப்பு, அதே நாட்கள், அதே கேள்விகள். யாரை வாக்காளராகக் கணக்கில் எடுப்பது என்ற ஒரே முடிவில் ஏழு புள்ளி நகர்ந்துவிடுகிறது.

செய்தியில் இந்த இரண்டாவது எண்ணைத்தான் பெரிதாகப் போடுகிறார்கள். முதல் எண்ணைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. எனக்கு இது வருத்தமாகவே இருக்கிறது. ஏனென்றால் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கதை புரியும்: யங்கின் பக்கத்து ஆட்கள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார்கள், மெக்காலிஃப் பக்கத்தில் பாதிப் பேர் இன்னும் சோபாவை விட்டு எழவில்லை. ஒபாமா போன சனிக்கிழமை ரிச்மண்டுக்கும் பைடன் செவ்வாய்க்கிழமை ஆர்லிங்டனுக்கும் வந்தது எதற்கு என்பதெல்லாம் இதில் அடங்கிவிடுகிறது.

இன்று வாஷிங்டன் போஸ்ட் கணிப்பும் வந்துவிட்டது. மெக்காலிஃப் 49, யங்கின் 48. கிறிஸ்டோபர் நியூபோர்ட் பல்கலைக்கழகமும் புதன்கிழமை இதே 49, 48 என்றுதான் சொன்னது. ஆயிரம் பேரைக் கேட்டால் ஒவ்வொருவர் எண்ணிலும் மூன்று புள்ளி மேலோ கீழோ போகலாம். இருவருக்கும் நடுவிலுள்ள இடைவெளி என்று பார்த்தால் அந்தத் தள்ளாட்டம் ஏறக்குறைய இரட்டிப்பு. ஆகவே எட்டும் ஒன்றும் சண்டை போடவில்லை. ஒரே இடத்தைச் சுற்றி நிற்கின்றன.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். அது நன்றாகக் கிளறி, ஒரே தீயில் வெந்த பானைக்குத்தான் பொருந்தும். வர்ஜீனியாவில் வாக்காளர் பதிவில் கட்சி என்ற கட்டமே கிடையாது. எங்கள் மாநிலத்தில் பட்டியலைப் பார்த்தால் யார் எந்தக் கட்சியில் பதிந்திருக்கிறார் என்று தெரியும், மாதிரியைச் சரிபார்த்துக்கொள்ளலாம். இங்கே அந்தப் பிடிமானம் இல்லை.

மதியம் அண்ணி ஓட்டுப் போட லீஸ்பர்க் போனார், நானும் கூடப் போனேன். போன வருடம் வந்த சட்டத்தால் இங்கே நாற்பத்தைந்து நாள் முன்னதாகவே, காரணம் எதுவும் சொல்லாமல் ஓட்டுப் போடலாம். செப்டம்பர் 17லிருந்து நடக்கிறது. நாளையோடு முடிகிறது. வாசலிலிருந்து நாற்பது அடி தள்ளித்தான் கட்சிக்காரர்கள் நிற்கலாம். அந்தக் கோட்டுக்கு வெளியே இரண்டு கூடாரம். ஆளுக்கொரு மாதிரி வாக்குச்சீட்டை நீட்டினார்கள். அண்ணி இரண்டையும் வாங்கி, மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

போன வருடம் பைடனுக்குப் போட்டவர் அண்ணி. இந்த முறை யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அவரே வழியில் சொன்னார்.

"ஒரு வருஷம் பிள்ளைங்க வீட்டுலயே கிடந்தாங்க தம்பி. சின்னவன் கேமராவை அணைச்சுட்டுத் தூங்குவான். ஸ்கூலுக்கு எத்தனை மெயில் போட்டேன் தெரியுமா? ஒரே பதில்தான் வரும், பரிசீலிக்கிறோம்னு. இப்ப இவர் வந்து, ஸ்கூல்ல என்ன சொல்லிக் கொடுக்கணும்னு பெத்தவங்க சொல்லக் கூடாதுங்கறாரு. எனக்கு அது பொறுக்கல."

செப்டம்பர் 28 விவாதத்தில் மெக்காலிஃப் சொன்ன வாக்கியம் அது. பள்ளிகள் எதைக் கற்பிக்க வேண்டும் என்று பெற்றோர் சொல்லக்கூடாது என்று நினைக்கிறேன் என்றார். பள்ளிப் புத்தகங்களைப் பற்றிய ஒரு மசோதா குறித்துப் பதில் சொல்லும்போது வந்த வார்த்தை. உடனே யங்கின் தரப்பு விளம்பரமாக்கிவிட்டது. இந்த வட்டாரத்துத் தமிழ் வீடுகளில் வேறொரு பேச்சும் ஓடுகிறது. தாமஸ் ஜெஃபர்சன் அறிவியல் உயர்நிலைப் பள்ளியில் போன வருடம் நுழைவுத் தேர்வை எடுத்துவிட்டார்கள். இடம் கிடைத்தவர்களில் ஆசியப் பிள்ளைகளின் பங்கு 73 சதவீதத்திலிருந்து 54க்கு இறங்கியது. அந்த மாற்றம் சரி என்று சொல்லும் அண்ணன் ஒரு பக்கம், தவறு என்று சொல்லும் அண்ணி ஒரு பக்கம். ஒரே வீடு, இரண்டு ஓட்டு. இந்த வீட்டுக்குப் போன் செய்த கணிப்பாளருக்கு யார் எடுத்தார்களோ அவர் பதில்தான் கிடைத்திருக்கும்.

மூன்றாம் நாள், அக்டோபர் 30, சனி

ரிச்மண்ட். இரண்டு மணி நேர ஓட்டம், ஃப்ரெடரிக்ஸ்பர்க் பக்கம் நெரிசலில் மூன்றானது.

முதலில் மான்யுமென்ட் அவென்யூவுக்குப் போனேன். உள்நாட்டுப் போரில் தென்பகுதிப் படைத் தலைவராக இருந்த ராபர்ட் லீயின் சிலையைப் போன மாதம் எட்டாம் தேதி இறக்கிவிட்டார்கள். பீடம் மட்டும் நிற்கிறது, சுற்றிக் கம்பி வேலி. பீடத்தின் கல் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவு வண்ண எழுத்து: பெயர்கள், தேதிகள், வசைகள், ஒன்றன்மேல் ஒன்றாக. ஒரு அம்மா மகளைத் தோளில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். நான் வெகுநேரம் அங்கேயே நின்றேன்.

இந்த ஊரில்தான் 1989ல் டக்ளஸ் வைல்டர் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அடிமைகளாக இருந்தவர்களின் பேரன். அமெரிக்காவில் தேர்தலில் வென்று ஆளுநரான முதல் கறுப்பினத்தவர். கருத்துக்கணிப்பைப் படிக்கிற எவரும் அந்தத் தேர்தலைத் தாண்டிப் போக முடியாது. ஓட்டுப் போட்டு வெளியே வந்தவர்களிடம் எடுத்த கணிப்பே பத்துப் புள்ளி முன்னிலை என்றது. எண்ணி முடித்தபோது வித்தியாசம் ஏழாயிரம் ஓட்டுக்கும் குறைவு. கிட்டத்தட்ட 18 லட்சம் ஓட்டில், ஒரு புள்ளியில் பாதிகூட இல்லை. கறுப்பின வேட்பாளருக்குப் போடவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லச் சிலர் கூச்சப்பட்டிருக்கிறார்கள். மனிதர் மனிதரிடம் சொல்வதைத்தான் கணிப்பு அளக்கிறது என்பதை எனக்குப் புரியவைத்தது அந்த எண்தான்.

அதன் பிறகு பிழை ஒரே பக்கமாக இருந்ததும் இல்லை. 2017ல் டெமாக்ராட் ரால்ஃப் நார்தம் மூன்று புள்ளியில் வெல்வார் என்றன கணிப்புகளின் சராசரிகள். வென்றது ஒன்பது புள்ளியில்.

வர்ஜீனியாவுக்கென்று ஒரு பழக்கமும் உண்டு. ஆளுநர் அடுத்தடுத்து இரண்டு முறை இருக்க முடியாது, சட்டம் அப்படி. 2014லிருந்து 2018 வரை இருந்த மெக்காலிஃப் இடையில் ஒருவரை விட்டு இப்போது மறுபடி வருவது அதனால்தான். இன்னொன்று, 1977லிருந்து வெள்ளை மாளிகையில் எந்தக் கட்சி இருக்கிறதோ அந்தக் கட்சி இங்கே ஆளுநர் தேர்தலில் தோற்கும். நாற்பது வருடத்துக்கு மேல், ஒரே ஒரு தடவைதான் அந்தப் பழக்கம் உடைந்தது. 2013ல். உடைத்தவர் இதே மெக்காலிஃப், இரண்டரைப் புள்ளியில்.

அப்புறம் செஸ்டர்ஃபீல்ட் கவுண்டி. ரிச்மண்டின் தெற்குப் புறநகர். வீடு, மரம், வீடு, மரம். 1948ல் ட்ரூமனுக்குப் பிறகு எந்த டெமாக்ராட் ஜனாதிபதி வேட்பாளருக்கும் தலை அசைக்காத கவுண்டி போன வருடம் பைடனுக்குக் கிடைத்தது. செவ்வாய் இரவு முதலில் பார்க்க வேண்டிய பெயர்களில் இதைக் குறித்துக்கொண்டேன்.

நாலாம் நாள், அக்டோபர் 31, ஞாயிறு

முழுக்கச் சாலை. ரிச்மண்டிலிருந்து ரோனோக் வரை சமவெளி மெதுவாக மேடாகிறது. அதற்குப் பிறகு மலைதான். இலை உதிர் காலத்தின் கடைசி வாரம், மலைச்சரிவு முழுக்க மஞ்சளும் துருச் சிவப்பும். மெக்காலிஃப் பலகை ரோனோக்கைத் தாண்டியதும் நின்றுபோனது. சின்ன ஊர் ஒன்றில் வேஷம் போட்ட குழந்தைகள் சாலையைக் கடக்கப் பத்து நிமிடம் நின்றேன். இருட்டிய பிறகு கிரண்டி வந்து சேர்ந்தேன்.

ஐந்தாம் நாள், நவம்பர் 1, திங்கள்

கிரண்டி மாநிலத்தின் மேற்கு மூலையில் புக்கானன் கவுண்டியில் இருக்கிறது. இங்கிருந்து ரிச்மண்டுக்குப் போவதைவிடப் பக்கத்து மாநிலங்கள் சிலவற்றின் தலைநகரங்களுக்குச் சீக்கிரம் போய்விடலாம். ஆற்றுக்கும் மலைக்கும் நடுவே ஊர் ஒரு நாடா மாதிரி நீண்டு கிடக்கிறது. 1977 வெள்ளம் ஊரையே அடித்துப் போட்டது. பின்னாளில் ராணுவப் பொறியாளர்கள் எதிர்க்கரையில் மலையை வெடிவைத்துச் சமதளமாக்கினார்கள். இன்று அந்தத் தளத்தில் நிற்பது ஒரு வால்மார்ட். கீழே வண்டி நிறுத்தும் தளங்கள், மேலே கடை. இடம் இல்லாத ஊர், அதனால் உயரமாகக் கட்டியிருக்கிறார்கள்.

யங்கினும் மெக்காலிஃபும் முதல் விவாதத்தை இந்த ஊரில்தான் நடத்தினார்கள், செப்டம்பர் 16 அன்று, இங்குள்ள சட்டக் கல்லூரியில்.

பெட்ரோல் போடும் இடத்தில் காபி வாங்கிக்கொண்டு ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். சுரங்கத்தில் இருபத்தேழு வருடம். நகக்கண்களில் கரி இன்னும் நீல நிறத்தில் தங்கியிருந்தது, பச்சை குத்தியது போல. "எங்க அப்பா டெமாக்ராட், யூனியன் ஆளு. நானும் 2004 வரைக்கும் அவங்களுக்குத்தான் போட்டேன்" என்றார். அவர் மட்டும் இல்லை. 2004ல் இந்தக் கவுண்டி ஜான் கெர்ரி பக்கம் நின்றது. போன வருடம் ட்ரம்ப்புக்கு இங்கே 80 சதவீதத்துக்கு மேல். பதினாறு வருடத்தில் ஒரு கவுண்டி இவ்வளவு தூரம் நடந்திருக்கிறது. நிலக்கரி போனது, யூனியன் போனது, கூடவே கட்சிப் பிடிப்பும் போனது.

"ஓட்டுப் போட்டாச்சா?" என்றேன்.

"நாளைக்கு. செவ்வாய்க்கிழமைதானே தேர்தல்?" என்று என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

முன்கூட்டியே விழுந்த ஓட்டுகள் 11 லட்சத்தைத் தாண்டிவிட்டன. அதில் டெமாக்ராட் கை ஓங்கியிருக்கும் என்று வாஷிங்டன் பக்கம் எல்லோரும் சொல்கிறார்கள். சரி. ஆனால் இந்தப் பெரியவர் மாதிரி ஆட்கள் அந்தக் கணக்கில் இல்லை. ட்ரம்ப் இல்லாத தேர்தலில் இவர்கள் வருவார்களா என்று ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். காபிக் கோப்பையை வைத்துக்கொண்டு அவர் சொன்ன 'நாளைக்கு'வில் எனக்குச் சந்தேகம் ஏதும் தெரியவில்லை.

பத்து மணிக்குக் கிளம்பி, ஐ-81 நெடுஞ்சாலை வழியாக ஆறரை மணி நேரம். நேராக லீஸ்பர்க் கண்காட்சித் திடல். யங்கினின் கடைசிக் கூட்டம். குளிரில் ஆயிரக்கணக்கான பேர். எப்போதும் போடும் கையில்லாத சிவப்பு மேல்சட்டையோடுதான் வந்தார். அவர் கூட்டத்துக்கு மட்டும் போனது நியாயமில்லை என்று எனக்கே படுகிறது. மெக்காலிஃப் கூட்டத்துக்கும் போயிருக்க வேண்டும், தூரம் விடவில்லை. கூட்டத்தில் கவனித்தது: குழந்தை வண்டிகள். 'யங்கினுக்காகப் பெற்றோர்' என்று எழுதிய அட்டைகள். ட்ரம்ப் தொப்பி அங்கங்கே தலைகாட்டியது, மேடையில் அந்தப் பெயர் அடிபடவில்லை.

கடைசிச் சராசரிகளில் யங்கின் ஒரு புள்ளி முன்னால் இருக்கிறார். ஆகஸ்ட்டில் ஐந்தாறு புள்ளி பின்னால் இருந்தவர். எனக்கு முக்கியமாகப் படுவது அந்த ஒரு புள்ளி இல்லை. இரண்டு மாதமாகக் கோடு ஒரே திசையில் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது என்பதுதான்.

ஆறாம் நாள், நவம்பர் 2, செவ்வாய்

வர்ஜீனியாவில் தேர்தல் நாள் இப்போது அரசு விடுமுறை. முன்பு லீ பெயரில் ஒரு விடுமுறை இருந்தது. போன வருடம் அதை எடுத்துவிட்டு இதைக் கொண்டுவந்தார்கள்.

அண்ணன் ஆறு மணிக்கே கிளம்பினார். பக்கத்துப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடம்தான் வாக்குச்சாவடி. கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே மேசை போட்டு மூன்று பேர் பட்டியலோடு உட்கார்ந்திருந்தார்கள். நான் கதவுக்கு வெளியே நின்றுகொண்டேன். காகிதச் சீட்டு, பேனாவால் முட்டை வடிவக் கட்டத்தை நிரப்பி, ஸ்கேன் இயந்திரத்தில் தாமே நுழைக்க வேண்டும். காகிதம் இல்லாத தொடுதிரை இயந்திரங்களை 2017 தேர்தலுக்கு இரண்டு மாதம் முன்பு மொத்தமாக ஒதுக்கிவிட்டார்கள். அண்ணன் சீட்டை நீட்டினார், இயந்திரம் அதை ஒரு நொடி யோசித்து இழுத்துக்கொண்டது. விரலில் மை கிடையாது. சட்டையில் ஒட்டிக்கொள்ள ஒரு ஸ்டிக்கர் மட்டும்.

இரவு ஏழு மணிக்கு வாக்குப்பதிவு முடிந்தது. வரவேற்பறையில் தரையில் உட்கார்ந்து என் நோட்டை விரித்தேன். ஒவ்வொரு கவுண்டிக்கும் 2017 நார்தம், 2020 பைடன் எண்களை எழுதி, மூன்றாவது பத்தியைக் காலியாக விட்டிருந்தேன். லௌடனில் நார்தம் இருபது புள்ளி, பைடன் இருபத்தைந்து. மெக்காலிஃப் பதினைந்துக்குக் கீழே போனால் கஷ்டம் என்று ஓரத்தில் எழுதியிருந்தேன்.

முதலில் வந்தவை சின்னச் சின்ன மலைக் கவுண்டிகள். ட்ரம்ப் வாங்கியதைவிட யங்கின் கூடுதலாக வாங்கியிருந்தார். அங்கே கூடுவதற்கு இடமே இல்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். பெரியவர் போய் ஓட்டுப் போட்டிருப்பார். அப்புறம் செஸ்டர்ஃபீல்ட், கைமாறியது. வர்ஜீனியா பீச், மாநிலத்தின் பெரிய நகரம், நார்தமுக்கும் பைடனுக்கும் போட்ட ஊர், அதுவும் கைமாறியது. பிறகு லௌடன்: மெக்காலிஃப் 55, யங்கின் 44. பதினோரு புள்ளி.

அந்தப் பத்தியை நிரப்பும்போது கை கொஞ்சம் நின்றது. மெக்காலிஃப் இந்தக் கவுண்டியில் தோற்கவில்லை. வரைபடத்தில் லௌடன் டெமாக்ராட் நிறமான நீலமாகவேதான் இருக்கிறது. நிறத்தை மட்டும் பார்த்தால் இங்கே எதுவுமே நடக்கவில்லை. ஒரு வருடத்தில் பதினாலு புள்ளி நகர்ந்திருக்கிறது. மலையில், புறநகரில், கடலோரத்தில், வெவ்வேறு காரணங்களோடு வெவ்வேறு ஆட்கள். ஆனால் ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒரே திசை.

அண்ணி சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். அண்ணன் எழுந்து போய்க் கூட நின்று துடைத்து வைத்தார். இருவரும் தேர்தலைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. நள்ளிரவு தாண்டி அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் யங்கின் வென்றதாக அறிவித்தது. ஒரு மணிக்கு மேல் அவர் சாண்டிலியில் மேடையேறினார். இங்கிருந்து இருபது நிமிட தூரம்.

ஏழாம் நாள், நவம்பர் 3, புதன்

காலையில் கூட்டிப் பார்த்தேன். யங்கின் 50.6, மெக்காலிஃப் 48.6. சராசரிகள் சொன்னது ஒரு புள்ளி, வந்தது இரண்டு. நல்ல கணிப்பு. மூன்று உயர் பதவிகளையும் ரிபப்ளிகன்கள் பிடித்திருக்கிறார்கள். துணை ஆளுநராக வின்சம் சியர்ஸ், ஜமைக்காவில் பிறந்தவர். மாநில அளவில் வெல்லும் முதல் கறுப்பினப் பெண்.

இன்னொரு எண் என்னை விடவே இல்லை. தோற்ற மெக்காலிஃபுக்குக் கிட்டத்தட்ட 16 லட்சம் ஓட்டு. 2017ல் அமோகமாக வென்ற நார்தமுக்கு 14 லட்சம்தான். தன் கட்சிக்காரர் வென்றபோது வாங்கியதைவிட இரண்டு லட்சம் கூட வாங்கியும் தோற்றிருக்கிறார். அதிகம் பேர் வந்தால் டெமாக்ராட்டுக்கு நல்லது என்று இருபது வருடமாகச் சொல்லி வந்த பாடம் நேற்று இரவு வர்ஜீனியாவில் நிற்கவில்லை. சோபாவில் இருந்தவர்களும் எழுந்து வந்தார்கள். அந்தப் பக்கம் இன்னும் அதிகம் பேர் எழுந்தார்கள்.

பதினொரு மணிக்குக் கிளம்பினேன். அண்ணி புளியோதரை கட்டிக் கொடுத்தார். மேரிலாந்தில் ரேடியோவைத் திருப்பியபோதுதான் எங்கள் மாநிலத்துச் செய்தி கேட்டது. மர்ஃபியும் சிட்டரெல்லியும் சம சமம், இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள் என்றார்கள். தவறாகக் கேட்டுவிட்டேன் என்று ஒலியைக் கூட்டினேன். மாநில செனட்டின் தலைவர் ஸ்டீவ் ஸ்வீனி ஒரு லாரி ஓட்டுநரிடம் தோற்கும் நிலையில் இருக்கிறார் என்றும் சொன்னார்கள். டெலவேர் பாலத்துக்கு முன்னால் ஓய்விடத்தில் வண்டியை நிறுத்தி, புளியோதரையைத் திறக்காமலே அரை மணி நேரம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருட்டிய பிறகுதான் மர்ஃபி வென்றதாக அறிவித்தார்கள்.

எட்டாம் நாள், நவம்பர் 4, வியாழன்

மர்ஃபியின் முன்னிலை இப்போதைக்கு இரண்டு மூன்று புள்ளி. மான்மத் சொன்னது பதினொன்று, ஸ்டாக்டன் ஒன்பது, ரட்கர்ஸ் எட்டு. வர்ஜீனியாவில் நான் பார்த்த அதே அலை எங்கள் மாநிலத்திலும் அடித்திருக்கிறது, பார்க்க ஆள் இல்லை. அங்கே இழுபறி என்று தெரிந்ததால் வாரத்துக்கு மூன்று கணிப்பு, மாற்றம் ஒவ்வொன்றும் கண்ணில் பட்டது. இங்கே முடிவு தெரிந்த போட்டி என்று எல்லோரும் திரும்பிக்கொண்டார்கள். நானும்தான் 220 மைல் தள்ளிப் போனேன்.

மான்மத் கணிப்பு மையத்தின் தலைவர் பாட்ரிக் மரே இன்று செய்தித்தாளில் எழுதியிருக்கிறார். தவறு என்னுடையது என்று முதல் வரியிலேயே ஒப்புக்கொள்கிறார். சிட்டரெல்லி தரப்பிடமும் மர்ஃபி தரப்பிடமும் மன்னிப்புக் கேட்கிறார். தேர்தல் கணிப்புகளையே விட்டுவிடலாமா என்றும் கேட்கிறார். பெயர் போட்டு இப்படி எழுத மனம் வேண்டும். அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது. ஆனால் விட்டுவிட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. பதிவு செய்தவர் எத்தனை, வருவார் என்று நினைப்பவர் எத்தனை, போன தடவையிலிருந்து எவ்வளவு நகர்ந்தது, இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டட்டும். யார் முன்னால் என்ற ஒரே எண்ணைத் தலைப்பில் போடுவதை விடட்டும்.

மாலையில் பக்கத்து வீட்டுப் பெரியவர் புல்தரையில் இலை கூட்டிக்கொண்டிருந்தார். அவர் வாசலில்தான் அந்த ஆறு பலகைகளில் ஒன்று. மூன்று வருடமாகப் பக்கத்துப் பக்கத்து வீடு, அரசியல் பேசியதே இல்லை. வர்ஜீனியா போய் வந்ததைச் சொன்னேன்.

"அவ்வளவு தூரம் போய் ஓட்டுக் கேட்டாயா?" என்றார்.

"இல்லை, என்ன நினைக்கிறார்கள் என்று பார்க்கப் போனேன். உங்களை யாராவது கூப்பிட்டுக் கேட்டார்களா?"

"என்னையா? யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்." துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார். முதலில் சொத்து வரி. வீட்டுக் கடன் அடைந்த பிறகும் மாதாமாதம் வாடகை மாதிரி கட்டுகிறாராம். அப்புறம் கடையை ஆறு மாதம் மூடி வைத்திருந்த மருமகன். ஒன்றுவிடாமல் சொன்னார். இருட்டும் வரை கேட்டேன்.

பிறகு அவர் குனிந்து பலகையைப் பிடுங்கினார். கம்பி இரண்டும் ஈர மண்ணோடு வந்தன. இலைப் பையின் வாயை நான் விரித்துப் பிடித்துக்கொண்டேன்.